நரி கொடுத்த குரல்

விலங்கும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதக் குழந்தைக்கு அழத் தெரியாது. புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும் மான்குட்டியைப் போல, பசித்தாலும் வலித்தாலும் கண்ணை விழித்துக்கொண்டு சும்மா கிடக்கும். “சத்தம் கேட்டால் சிறுத்தை வரும். அது நம் பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது” என்று தாய்மார்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மரக்கிளையில் தூளியைக் கட்டிவிட்டுக் கிழங்கு தோண்டப் போவார்கள். பால் கட்டி மார்பு கனத்தால் திரும்பி வருவார்கள்.

மலையடிவாரத்தில் ஓடையின் ஒரு கரையில் எயினி என்ற பெண் இருந்தாள். எதிர்க்கரையில் சடைச்சி இருந்தாள். ஒரு தேன்மரம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு வீட்டாருக்கும் அடிதடி நடந்து, சடைச்சியின் கணவனுக்குக் கை ஒடிந்தது. “இனி ஓடையைத் தாண்டி அந்த மண்ணை மிதித்தால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை” என்று சடைச்சி சொல்லிவிட்டாள். எயினியும் முகம் கொடுப்பதில்லை.

எயினியின் முதல் பிள்ளை தூளியிலேயே இறந்துபோயிருந்தது. காய்ச்சலா, பூச்சி கடித்ததா, யாருக்கும் தெரியவில்லை. அப்போது எயினி கூப்பிடு தூரத்தில்தான் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். இப்போது இருப்பது இரண்டாவது, பெண் குழந்தை.

பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எயினி மேட்டுக்குப் போனாள். ஓடை பிறக்கும் சுனைக்குப் பக்கத்தில் ஒரு பெண்நரி, வளையின் வாயை அடைத்துக் கிடந்த பாறையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அதன் நகங்களில் ரத்தம். உள்ளே குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. எயினிக்கு அந்தச் சத்தம் காற்றடிப்பது போலத்தான் கேட்டது.

“உனக்குக் கை இருக்கிறதே, இதை நகர்த்திக் கொடேன்” என்றது நரி.

எயினி தோண்டு கம்பைக் கீழே கொடுத்து நெம்பினாள். பாறை புரண்டது. நனைந்த குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நரி அவற்றை நக்கி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இப்படிக் கத்துகின்றனவே, சிறுத்தைக்குக் கேட்காதா?”

“கேட்கும். எனக்கும் கேட்குமே!” என்றது நரி. “நான் அதோ அந்த எதிர்மலையில் இருந்தேன். வாயில் முயல் இருந்தது. எப்போது அதைப் போட்டேன், எப்படி வந்தேன், ஒன்றும் தெரியவில்லை. கால் வந்துவிட்டது.”

எயினி முதுகிலிருந்த குழந்தையை முன்பக்கம் இழுத்து அணைத்தாள். “என் மூத்தவன் செத்தபோது எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அந்தக் குரலை இவளுக்குக் கொடு.”

நரி யோசித்தது. “குரலை மட்டும் கொடுக்க முடியாது. கேட்கிற உடம்பையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். நான் இந்தச் சுனையில் வாய் வைத்தால், இதைக் குடிக்கும் தாயின் பால் வழியாகப் பிள்ளைக்குக் குரல் வரும். குடிக்கும் எல்லாருக்கும் அந்த உடம்பு வரும். அப்புறம் உங்களில் ஒருவரும் நிம்மதியாகப் படுக்க முடியாது. வேண்டாதவன் பிள்ளை அழுதாலும் வயிற்றைப் பிசையும். ஊரைக் கேட்டுவிட்டு வா.”

கேட்டால் ஊர் சம்மதிக்காது என்று எயினிக்குத் தெரியும். “வாய் வை” என்றாள்.

நரி குனிந்து குடித்தது. எயினியும் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். ஓடை இரண்டு கரைக்கும் பொதுவாகக் கீழே ஓடியது.

சில நாள் கழித்து எயினி வேங்கை மரத்தில் தூளியைக் கட்டிவிட்டுச் சரிவில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். ஈர மண் சரிந்து அவளை இடுப்புவரை மூடியது. பிடித்து ஏற ஒரு வேர்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்தது. பசித்தது. முதல் முறையாக வாயைத் திறந்து வீரிட்டது.

மண்ணுக்குள் கிடந்த எயினிக்கு மார்பில் பால் பீறிட்டது. மண்ணைப் பிறாண்டினாள். நகரவே முடியவில்லை. சிறுத்தைக்கும் கேட்டுவிட்டது. புதரை விட்டு எழுந்து வேங்கை மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது.

எதிர்க்கரையில் சடைச்சி தினை குத்திக்கொண்டிருந்தாள். அந்த மழையில்தான் அவளுடைய கைப்பிள்ளை இறந்திருந்தது. அவள் பக்கத்திலேயே படுத்து, ஒரு முனகலும் இல்லாமல் போய்விட்டது. அழுகை காதில் விழுந்ததும் அவள் வயிற்றில் ஏதோ முறுக்கியது. நோய் வந்துவிட்டதோ என்று பயந்தாள். வற்றிக்கொண்டிருந்த மார்பு நனைந்தது. சத்தம் வேங்கை மரத்துத் தூளியிலிருந்து வருகிறது, எயினி வீட்டுப் பிள்ளை என்று புரிந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் இருக்க முடியவில்லை. உலக்கையோடு ஓடினாள். ஓடையில் பாதி தூரம் போன பிறகுதான் தண்ணீரில் நிற்பதே அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால் ஊரே ஓடிவந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்களும், சாணைக்கல்லைப் போட்டுவிட்டு வந்தவர்களும், ஒடிந்த கையை மார்போடு அணைத்தபடி அவள் கணவனும். இத்தனை பேரைப் பார்த்ததும் சிறுத்தை வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

சடைச்சி தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள். அது அவள் மார்பைத் தேடிப் பற்றியது. அழுகை நின்றது. நின்ற பிறகுதான் சரிவிலிருந்து எயினி கூப்பிடுவது எல்லாருக்கும் கேட்டது.

மண்ணைத் தோண்டி அவளை வெளியே தூக்கினார்கள். பகையாளியின் மடியில் தன் பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்து எயினி, “நீயா வந்தாய்?” என்றாள்.

“நான் எங்கே வந்தேன்? என் கால் வந்தது” என்றாள் சடைச்சி. குரலில் கோபம் இன்னும் இருந்தது. கை மட்டும் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

எயினி நடந்ததையெல்லாம் சொன்னாள். ஊர் கொதித்தது. “எங்களைக் கேட்காமல் எங்கள் உடம்பில் கை வைக்க நீ யார்? இனி ஆளுக்கொரு பிள்ளை அழும். யார் தூங்குவது? நரியிடம் போய்த் திருப்பிக் கொடு!”

“கொடுக்கக் கூடாது” என்றாள் சடைச்சி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“என் பிள்ளைக்கு இந்தக் குரல் இருந்திருந்தால் நான் விழித்திருப்பேன்” என்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பிப் போனார்கள்.

தேன்மரச் சண்டை தீர இன்னும் நெடுநாள் ஆயிற்று. ஆனால் மனிதர் எங்கெங்கோ பிரிந்து போய்க் குடியேறியபோதும் அந்தத் தண்ணீர் அவர்கள் உடம்போடு போனது. அன்று முதல்தான், பச்சைப் பிள்ளை ஒன்று எங்கே வீரிட்டாலும், யார் பெற்றது என்று மனம் கேட்பதற்கு முன்பே கேட்டவர் வயிறு பிசைகிறது, கால் எழுந்து நடக்கிறது.