குதிரைக்குட்டிக்கு அதிரசம்

என் பெரியவனுக்குக் காது குத்தின அன்றைக்கு, பந்திக்கு இலை துடைத்துக்கொண்டே என் நாத்தனார் கமலவேணி முதன்முதலில் சொன்ன கதை இது.

மணற்கோட்டை ராஜா கனகசிங்கருக்கு ஒரே பிள்ளை செல்வரங்கன். பன்னிரண்டு வயசு. ராத்திரி வெகுநேரம் பாவைக்கூத்து பார்ப்பான்; ராஜாவே பக்கத்தில் உட்கார்ந்து அதிரசம் ஊட்டுவார். விடிந்தால் பிள்ளைக்குக் கண் திறக்காது, திறந்தால் பசி அடங்காது. பாவம், குதிரை ஏறப் போனால் பாதியிலேயே மூச்சு வாங்கும்.

"தூக்கமும் தீனியும் சீராகணும், மகாராஜா" என்றார் வைத்தியர் ஏகாம்பரம்.

"என் பிள்ளைக்குப் பட்டினியா?" ராஜா வைத்தியரைச் சிறையில் தள்ளிவிட்டு மந்திரியைக் கூப்பிட்டார். "ஆதிமூலம்! விஜயதசமி ஊர்வலத்தில் இளவரசன் குதிரையில் வரணும். ஆனால் அவனை யாரும் எதற்கும் தடுக்கக்கூடாது. இல்லையென்றால் உம்ம சிநேகிதர் ஏகாம்பரம் நாட்டைவிட்டே போகணும்!"

மந்திரி ஆதிமூலம் சிநேகிதரை நினைத்துப் பார்த்தார். வயசான மனுஷர், எங்கே போவார்? முருகா என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் சிரிப்பு.

"ஆகட்டும் மகாராஜா. ஏறுகிறவரும் சுமக்கிறதும் ஒத்துப்போகணும் அல்லவா? தங்கள் செல்லக் குதிரைக்குட்டியையும் இளவரசரைப் போலவே வளர்க்க உத்தரவு கொடுங்கள்."

"பலே! அப்படியே செய்யும்."

மறுநாள் காலையில் ராஜா லாயத்துக்கு வந்தார். குட்டி முன்னால் ஒரு தட்டு அதிரசம். பக்கத்தில் கூத்து மத்தளக்காரன் ராத்திரி தொடங்கினதை இன்னமும் வாசித்துக்கொண்டிருந்தான். குட்டி தலை தொங்கி நின்றது.

"அடப்பாவிகளா! எந்த மடையன் செய்த வேலை இது?"

"ஏன் மகாராஜா, ஆசையாகத்தானே தின்கிறது?" என்றார் அங்கேயே காத்திருந்த ஆதிமூலம்.

"ஆசையாவது மண்ணாவது! வளர்கிற ஜீவன் ஐயா! தூங்கினால்தான் கால் உறுதிப்படும். தூக்கம் கெட்டால் நாளெல்லாம் தீனிக்கு அலையும், ஓடச் சொன்னால் படுத்துக்கொள்ளும். வயிறு தொங்கிவிடாதா? இதுகூடத் தெரியாதா உமக்கு?"

"வைத்தியர் சொன்னார். அவரைத்தான் உள்ளே வைத்திருக்கிறோம்."

ராஜா காதில் அது விழவில்லை. "அதிரசம் கொடுத்த கையைக் கட்டுங்கள்!"

ஆதிமூலம் இரண்டு கையையும் நீட்டினார். "கட்டுங்கள் மகாராஜா. ஆனால் ராத்திரி இளவரசருக்கு ஊட்டின கையை யார் கட்டுவது? எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை."

ராஜா தன் விரல்களைப் பார்த்தார். நெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. லாயமே அதிரச் சிரித்தார்.

"வைத்தியரை விடுங்கள்! ஊர்வலம் அடுத்த வருஷமும் வரும். உமக்கு என்ன வேண்டும், ஆதிமூலம்?"

"கூத்தைச் சாயங்காலமே முடிக்கச் சொல்லுங்கள். மகாராஜா எழுந்து போகாமல் மந்திரி எப்படித் தூங்கப் போவது?"

கேட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று: இன்றைக்கு உங்கள் பிள்ளைகளை நேரத்தோடு படுக்கவிடுங்கள், அம்மா.