பதினெட்டுப் பாதம்

தீர்ப்புச் சொல்லும் ஆசை உங்களுக்கு உண்டுதானே? எனக்கும் உண்டு. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டு ஒருத்தியைத் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டவன்.

நாலு பெண்கள் ஓடும் ரிலேயில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டன் குச்சியை வாங்கப்போகிறவள், தான் நிற்கும் இடத்திலிருந்து பின்பக்கமாகக் குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைத்து எண்ணி, டிராக்கில் ஒரு துண்டு டேப் ஒட்டுவாள். கொண்டுவருகிறவள் அந்த டேப்பைத் தாண்டியதும் இவள் புறப்பட வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. "கை!" என்று சத்தம் கேட்டால் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். வருகிறவள் மெதுவாக வந்தால் டேப்பைக் கிட்டத்தில் ஒட்டுவார்கள். வேகமாக வந்தால் தள்ளி ஒட்டுவார்கள். கணக்குத் தப்பினால் ஒன்று பேட்டன் எட்டாது, இல்லை இருவரும் மோதுவார்கள். அடுத்தவள் டேப்பைத் தொடுவது மகா பாவம்.

அந்தப் பாவத்தைச் செய்தவள் கோகிலவாணி என்கிற கோகிலா. சாத்தூர்ப் பெண் தெய்வக்கனிக்கு அப்போது பதினேழு வயது. தேர்வு ஓட்டத்தில் அவள் இருபத்திரண்டு பாதம் எண்ணி ஒட்டியிருந்தாள். கொண்டுவந்தவள் டேப்பைத் தாண்டியதும் புறப்பட்டாள். பேட்டன் வந்து சேரவேயில்லை. அணி வெளியேறியது. பிறகு எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு! "பதட்டத்துல தப்பா எண்ணிட்டு, இப்ப கதை விடுறா" என்றார்கள். அவளுக்கு வரவேண்டிய விளையாட்டு விடுதி இடம், வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஓட்டக்காரி கோகிலாவுக்குப் போயிற்று. தெய்வக்கனி இரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாள். விடியற்காலையில் கண்மாய்க் கரையில் ஓடி ஓடித்தான் மறுபடி மேலே வந்தாள்.

ஆறு வருஷம் கழித்து இருவரும் ஒரே மாநில அணியில் சேர்ந்தார்கள். தேசியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நாலு பேருக்கும் அரசு வேலை. வயது வரம்பால் கோகிலாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டாவதாக ஓடும் தூத்துக்குடி ரெஜினாவுக்கும் அப்படியே. "வேல கெடச்சா அந்த எறால் கம்பெனிப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்" என்று ரெஜினா தினமும் சொல்வாள்.

பயிற்சி முகாமின் முதல் வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோகிலா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏய், அன்னைக்கு ஒன் டேப்ப நான்தான்டி நகத்துனேன். சின்னப் புள்ளத்தனம். மனசுல வச்சுக்காத."

தெய்வக்கனியும் சிரித்தாள். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்." மறுநாள் பயிற்சியாளர் ஞானதுரையிடம் போய், மூன்றாவது ஓட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கோகிலாவின் கையில் பேட்டனை வைக்கும் இடம் அது.

நாலு மாதம் பயிற்சி நடந்தது. முதலில் கோகிலா இருபத்திநாலு பாதம் எண்ணி ஒட்டினாள். போகப்போக இருபத்திரண்டு, இருபது, கடைசியில் பதினெட்டு.

"கடைசி இருபது மீட்டர்ல அடங்கிடுறியே தாயி?" என்றார் ஞானதுரை.

"கால் கனக்குது சார்."

"சரி சரி, போட்டியன்னைக்கு வந்துரும்" என்றவர், டேப்பைத் தள்ளி ஒட்டச் சொல்லவில்லை.

இறுதிப் போட்டி. ரெஜினாவிடம் வாங்கும்போதே நம் அணிதான் முதலிடம். தெய்வக்கனி வளைவில் பறந்தாள்; அன்று மூன்றாவதாக ஓடியவர்களில் அவளை மிஞ்ச ஆளில்லை. டேப்பைத் தாண்டினாள், கோகிலா புறப்பட்டாள். நாலு எட்டுக்கூட வைத்திருக்க மாட்டாள், "கை!" என்ற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. பேட்டன் கையில் சரியாக வந்து உட்கார்ந்தது. அடுத்த நொடி அவள் குதிகாலில் தெய்வக்கனியின் ஆணி ஷூ இடித்தது. கோகிலா குப்புற விழுந்து, எழுந்து, முழங்கால் ரத்தத்தோடு கடைசியாக வந்தாள்.

"என் டேப்ப நகத்திட்டா சார்!" என்று அலறினாள். அவள் பாதத்தாலேயே அளந்தார்கள். சரியாகப் பதினெட்டு.

"சார், வேகமா ஓடுனது தப்பா?" என்று கேட்டாள் தெய்வக்கனி.

இப்போது சொல்லுங்கள். டேப்பை ஒட்டியவள் கோகிலா. பார்த்தும் விட்டவர் ஞானதுரை. உயிரைக் கொடுத்து ஓடியவள் தெய்வக்கனி. இந்தத் தோல்விக்கு மூவரில் யார் காரணம்?

விடை: தெய்வக்கனிதான். ஞானதுரையுடையது அசட்டை; கோகிலா இந்த முறை ஒழுங்காகத்தான் எண்ணினாள். நாலு மாதம் வேண்டுமென்றே அடங்கி ஓடி, அந்த டேப்பை ஆறு பாதம் உள்ளே வரவைத்தவள் தெய்வக்கனி. அதையும் எதிரியின் கையாலேயே செய்ய வைத்தாள். பிறகு ஒரே ஒரு நாள் நிஜமாக ஓடினாள். தன் வேலையும் போகும் என்று தெரிந்தேதான் செய்தாள். கோகிலாவுக்கு இது வேண்டும், நன்றாக வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பேட்டனைக் கொடுத்துவிட்டு நிற்கிறவள், வாங்கிப் போகிறவளின் முதுகைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர் திரும்பும் ரயிலில், மறுபடி எறால் கம்பெனிக்கே போகப்போகும் ரெஜினா தெய்வக்கனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாலு மாசமும் நீ அடங்குனத நான் பின்னாடி நின்னு பாத்தேன். நெசமாவே கால் வலின்னு நெனச்சு ஒனக்காக ஜெபம் பண்ணேன். நான் ஒன் டேப்பத் தொட்டனா?" என்று கேட்டாள்.