எடுக்காத திருநீறு

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிறவர் யாரானாலும் அடிகள் கையால் திருநீறு வாங்கிக்கொண்டுதான் வாசற்படி தாண்டவேண்டும். அதுதான் உத்தரவு.

ஏகாம்பரம் அதில் ஒருநாளும் பிசகியதில்லை. அடிகளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் ஆற்றுக்குக் குளிக்கப் போவதற்குக்கூட நெற்றியை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். குரு கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்று மடத்தில் அவருக்குப் பேர். அந்தப் பேர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கரையிலிருந்து அவர் மைத்துனன் மருதப்பன் வந்தான். ஏகாம்பரம் சம்சாரத்தைத் துறந்து வந்த நாளிலிருந்து அவன் இந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை.

“அக்காவுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு, அத்தான். ‘அவரு வந்து, நீ போன்னு ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியாப் போயிடுவேன்’னு சொல்லிக்கிட்டே கெடக்குது.”

ஏகாம்பரம் மனைவி சௌந்தரவல்லியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். சரியாக வரவில்லை. அடிகளிடம் ஓடினார்.

திங்கட்கிழமை அடிகளுக்கு மௌனம். சாயங்கால மணி அடிக்கும்வரை பேசமாட்டார், யாருக்கும் திருநீறும் இடமாட்டார். ஏகாம்பரம் சொன்னதைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த திருநீற்றுத் தட்டை எடுத்து ஏகாம்பரத்தின் முன்னால் நகர்த்தி வைத்தார்.

ஏகாம்பரம் தட்டைப் பார்த்தார். தானே எடுத்துப் பூசிக்கொள்வதா? மடத்தில் அப்படி யாரும் செய்ததில்லை. குரு தன்னைச் சோதிக்கிறார் என்று அவருக்குப் பட்டது. சோதனையில் தோற்றவன் என்று பேர் வாங்க மனம் ஒப்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மருதப்பன் வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான்.

வெயில் தாழ்ந்தபோது மறுபடி வந்தான். இந்தத் தடவை படியேறவில்லை.

“உத்தரவு வாங்காமலே போயிடுச்சு, அத்தான்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். சற்றைக்கெல்லாம் மணி அடித்தது.

ஏகாம்பரம் அடிகளின் எதிரில் விழுந்து அழுதார். அழுகைக்குள் கோபமும் இருந்தது.

“தலையையாவது அசைச்சிருக்கலாமே, சாமி.”

“தட்டை உம்ம பக்கம் தள்ளினேனே.”

“நானா எப்படி எடுப்பேன்? கேக்காம ஒரு காரியம் செஞ்சவன் இல்லையே நான்.”

அடிகள் தட்டைப் பார்த்தார். காலையில் வைத்தபடியே இருந்தது அது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அந்த அம்மாவை விட்டுட்டு இங்க வந்தீரே, அன்னைக்கு யார்கிட்ட உத்தரவு கேட்டீர்?”