கவிராயர் பாட்டில் எத்தனை யானை?

மணற்கரைச் சீமையை ஆண்ட வீரகேசரி மகாராஜா நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் யார் கடைசியாகக் காதில் ஊதினாரோ அவர் பேச்சுதான் அவருக்கு வேதவாக்கு. அப்படி ஊதுவதற்கென்றே சபையில் ஒருவர் இருந்தார், பரிபூரணக் கவிராயர். அவருக்கு அரண்மனை விகடர் சிங்காரம் பிள்ளையைக் கண்டாலே ஆகாது.

அன்று சிங்காரம் சபைக்குள் நுழையும்போதே கவிராயர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. 'போச்சு, யார் குடியையோ கெடுத்திருக்கார்!' என்று நினைத்துக்கொண்டே சிங்காரம் முன்னால் போனார். பார்த்தால், ராஜா முன்னால் கைகட்டி நிற்பது தன்னுடைய சிநேகிதர்கள் இருவர். ஒருவர் கொச்சியிலிருந்து வந்த யூத மிளகு வியாபாரி எலியாகு. இன்னொருவர் வேதக்கோயில் உபதேசியார் ஞானாதிக்கம். இருவரையும் இந்த ஊரில் குடிவைத்ததே சிங்காரம்தான்.

விஷயம் இதுதான். குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்காக உபதேசியார் எலியாகுவிடம் கழுதை கேட்கப் போயிருக்கிறார். தாயும் குட்டியுமாக இரண்டு வேணுமாம்.

"எதுக்குய்யா ரெண்டு?" என்று எலியாகு கேட்டிருக்கிறார்.

"யேசு எருசலேமுக்குள்ள வந்தப்ப ரெண்டு கொண்டாந்தாங்கன்னு எங்க சுவிசேஷத்துல இருக்கு. உங்க தீர்க்கதரிசி முன்னாடியே சொன்னது அப்படியே நடந்துச்சு."

"எங்க தீர்க்கதரிசி சொன்னது ஒரே கழுதைய்யா! 'ராஜா கழுதை மேல வர்றார், கழுதைக்குட்டி மேல வர்றார்'னு பாட்டா சொன்னதால ஒண்ணையே ரெண்டு தரம் சொன்னார். அதோட, அந்த ராஜா இன்னும் வரவே இல்ல!"

பேச்சு வளர்ந்து கடைத்தெருவே கூடிவிட்டது. விடுவாரா கவிராயர்? இருவரையும் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்.

"மகாராஜா! ஒருத்தர் ஒண்ணுங்கறார், இன்னொருத்தர் ரெண்டுங்கறார். ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்ப் புத்தகத்தை வச்சு நம்ம ஊரை ஏமாத்தறார்."

ராஜா மீசையை முறுக்கினார். "பொய்க்காரன் பொழுது சாயறதுக்குள்ள குடும்பத்தோட எல்லை தாண்டணும். சிங்காரம், நீர்தானே இவங்களைக் கூட்டிவந்தீர்? எவன்னு நீரே சொல்லும்."

யாரைச் சொல்வது? எலியாகு மகளுக்கு இப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. உபதேசியார் மனைவியோ நிறைமாசக்காரி. சிங்காரம் கவிராயர் பக்கம் திரும்பினார்.

"கவிராயரே, விஜயதசமிக்கு மகாராஜா பேர்ல பாடினீரே, அதை ஒருதரம் பாடும்."

பாடச் சொன்னால் போதுமே கவிராயருக்கு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டார்:

"வேழத்தின் மேலே வேந்தர் வந்தார்! மதக் களிற்றின் மேலே மன்னர் வந்தார்!"

"ஆகா! மொத்தம் எத்தனை யானை?"

"கிறுக்குப் பிடிச்சிருக்கா வே உமக்கு? ஒரே ராஜா, ஒரே யானை. ஒண்ணையே திருப்பிச் சொல்றதுதான் பாட்டுக்கு அழகு!"

"அதைத்தானே எலியாகுவும் சொல்றார். அவங்க தீர்க்கதரிசியும் உம்மை மாதிரிப் பாடத் தெரிஞ்சவர்."

எலியாகுவுக்கு அப்பாடா என்றிருந்தது. கவிராயர் உதட்டைக் கடித்தார். ஆனால் மறுநிமிஷமே முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ரெண்டுன்னு எழுதினதுதான் பொய்! உபதேசியாரே, மூட்டையைக் கட்டும்!"

பாவம் உபதேசியார், முகத்தில் ஈயாடவில்லை.

"அவசரப்படாதேயும்," என்றார் சிங்காரம். "அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டுப் போன விஜயதசமி ஊர்வலத்துல எத்தனை யானை போச்சு?"

ஊருக்கே தெரியுமே! ஒரு யானைமேல் ராஜா. பக்கத்திலேயே இன்னொரு யானை, முழு அலங்காரத்தோடு, முதுகில் ஆளே இல்லாமல் போனது.

"மகாராஜா, அந்த ரெண்டாவது யானை எதுக்கு?"

ராஜாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "வேழம்னு ஒருதரம், களிறுன்னு ஒருதரம் பாடியிருக்காரே... ஒரு வார்த்தைகூட வீணாகக் கூடாதுன்னு நாந்தான் கூட்டிவரச் சொன்னேன்."

"அதேதான் மகாராஜா! சுவிசேஷம் எழுதினவரும் அந்தப் பழைய பாட்டு மேல உசிரையே வச்சிருந்தவர். தன்னோட ராஜா வந்த கதையை எழுதும்போது ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாதுன்னு குட்டியையும் சேர்த்துக் கூட்டிவந்துட்டார். அதைப் பொய்ன்னா சொல்றது? அந்த ராஜா வந்தாச்சா, இனிமேதான் வரணுமாங்கறதை இவங்க ரெண்டு பேரும் ஆயுசுக்கும் பேசிக்கட்டும். அதுக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு ஏது யோக்கியதை?"

ராஜா தலையாட்டினார். கவிராயருக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் கத்தினார்.

"அதெல்லாம் முடியாது! தீர்ப்புன்னா தீர்ப்புதான். ஒண்ணை ரெண்டாக்கினவர் யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கே எல்லை தாண்டணும்!"

சிங்காரம் ராஜா பக்கம் திரும்பி, பணிவாகக் கைகூப்பினார்.

"கவிராயர் சொல்லிட்டார், வேற வழியில்ல. மகாராஜா, கிளம்பலாமா? நல்ல வேளை, நீங்க நடக்க வேண்டாம். ஏறிக்கிட்டுப் போக ரெண்டு யானை இருக்கு!"

கவிராயர் நாக்கைக் கடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நழுவினார். ராஜாதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய, கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சிங்காரத்துக்குப் போட்டார்.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம்," என்றார். "முதல்ல என்னை இருக்க விடுங்கய்யா!"