கடல் முள்ளெலி வாயைக் கவிழ்த்த கதை

அந்தக் காலத்தில் கடலடியில் வாய் இருந்ததெல்லாம் பேசியது. மீன் பேசும், நண்டு பேசும். எல்லாரையும்விட அதிகம் பேசியது கடல் முள்ளெலி. பாறையில் முள் பந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். அப்போது அதற்கு வாய் உச்சியில் இருந்தது.

மன்னார்க் கடலில் ஒரு பாறை. அதில் நெடுமுள்ளான் என்ற ஆண் முள்ளெலி. எதிர்ப் பாறையில் அவன் பெண்டாட்டி வரிச்சி. நடுவில் நீரோட்டம். முள்ளெலிகள் ஒட்டி உட்கார்ந்து குடும்பம் நடத்த முடியாது. ஏன் என்று முள்ளைப் பார்த்தாலே தெரியும். அவன் இங்கிருந்து விந்தை விடுவான், அவள் அங்கிருந்து முட்டையை விடுவாள், நடுத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் பிள்ளை. மற்றபடி குடும்பம் என்றால் பேச்சுதான். அவன் பேசுவான், அவள் சிரிப்பாள். அந்தப் பேச்சுக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளை மட்டும் இல்லை.

கோளாறு விந்துப் பிள்ளைகளிடம். ஒவ்வொருவனுக்கும் தலைக்குக் கீழே அப்பன் ஒரு கட்டுச்சோறு கட்டிவிடுவான். கடலைக் கடக்க அதுதான். வேறு ஒரு பருக்கை கிடைக்காது. இவன்களோ வால் முளைத்த உடனே அப்பன் வயிற்றுக்குள்ளேயே ஓடிப்பிடித்து விளையாடுவான்கள். ஓடினால் பசிக்கும். பசித்தால் பொட்டலத்தை அவிழ்ப்பான்கள். கடலில் இறங்கும்போது வெறும் வால்தான். பாதி வழியில் அதுவும் நின்றுபோகும்.

"டேய், சும்மா கிடங்கடா" என்பான் நெடுமுள்ளான்.

"நீ மட்டும் சும்மா கிடக்கியாப்பா?"



ஒருநாள் வரிச்சி கூப்பிட்டாள். "ஏங்க, இந்தத் தடவையும் முட்டையெல்லாம் அழுகிப்போச்சு."

"அடுத்த தடவை பாப்போம் புள்ள."

"அதுக்கு மேல என் வயித்துல ஒண்ணும் இல்ல. அப்புறம் நீங்க பேச்சைத்தான் பெத்துக்கணும்."

 நெடுமுள்ளான் பாறையடியில் குடியிருந்த நண்டிடம் புலம்ப ஆரம்பித்தான். நண்டு பொறுத்துப் பார்த்தது.

"மச்சான், இதையேதான் நேத்தும் சொன்ன. நான் தூங்க வேண்டாமா?"

சொல்லிவிட்டுப் பின்னங்காலால் மணலை வாரி அவன் வாய்மேல் போட்டது.

நெடுமுள்ளானுக்கு மூச்சு வெளியே போக வழியில்லை. விட்ட மூச்சு உள்ளேயே தேங்கியது. வயிற்றில் ஒரு வாலும் ஆடவில்லை. செத்துவிட்டான்களோ என்று பயந்து முள்ளை உதறி மணலைத் தள்ளினான். நல்ல தண்ணீர் உள்ளே போனது. உடனே மறுபடி கும்மாளம். வயிற்றைத் தடவிப் பார்த்தான். மணல் மூடிக் கிடந்தவரை ஒரு பொட்டலமும் அவிழவில்லை.

விஷயம் விளங்கிவிட்டது. தேங்கின மூச்சில் தூங்குகிறான்கள். பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் புதுத் தண்ணீர் பட்டு எழுந்துவிடுகிறான்கள்.

"இன்னும் கொஞ்சம் மணல் போடு" என்றான்.

"நிக்காது மச்சான். நீரோட்டம் அடிச்சிட்டுப் போயிரும். நீயா வாயை மூடினாத்தான் உண்டு."

"எத்தனை நாளைக்கு?"

"இவனுங்க வெளிய போற வரைக்கும்."

"இவனுங்க போனா அடுத்த கூட்டம் முளைக்குமே."

நண்டு தூங்க வளைக்குள் போய்விட்டது.

நெடுமுள்ளான் எதிர்ப் பாறையைப் பார்த்துச் சொன்னான். "வரிச்சி, நான் இனிமே பேசமாட்டேன்."

அவள் சிரித்தாள். "நீங்களா?"

"முட்டை விடும்போது ஒரு குரல் குடு. அது போதும்."

அவள் மறுபடி சிரிப்பதற்குள் குப்புறக் கவிழ்ந்து வாயைப் பாறையில் அழுத்திக்கொண்டான். விந்து விடும் துளைகள் மேலே வந்தன. வயிற்றுக்குள் பிள்ளைகள் தூங்கினார்கள்.

நீரோட்டம் திரும்பிய அன்று வரிச்சி குரல் கொடுத்தாள். "விடுறேங்க."

அவனும் விட்டான். பால் கொட்டினமாதிரி வெள்ளையாக இறங்கியது. கடல் தண்ணீர் பட்டதும் அத்தனை பேரும் விழித்தார்கள். சோறு கட்டினபடி இருந்தது. ஓடினார்கள். முந்தி வந்த ஒருவனை உள்ளே விட்டு ஒவ்வொரு முட்டையும் கதவைச் சாத்திக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் வெளியில்தான் நின்றார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

"ஏங்க, பிள்ளைங்க. நீரோட்டம் முழுக்கப் பிள்ளைங்க."

பதில் இல்லை.

"ஏங்க."

ஒரு முள் மட்டும் அசைந்தது. அவன் வயிற்றில் அதற்குள் அடுத்த கூட்டத்துக்கு வால் முளைத்திருந்தது.

வரிச்சி சில நாள் தனியாகப் பேசிப் பார்த்தாள். அவன் மாதிரி அவளுக்குப் பேச வரவில்லை. வற்றிவிட்டது என்று அவள் நினைத்திருந்த வயிறு மறுபடி முட்டையால் நிறைந்தபோது அவளும் கவிழ்ந்து வாயைப் பாறையில் வைத்துக்கொண்டாள். பதிலுக்கு ஒரு முள்ளை அசைத்தாள்.

அன்று முதல்தான் முள்ளெலிக்கு வாய் அடியில் இருக்கிறது. அதன் விந்து அப்பன் வயிற்றில் வால் ஆட்டாமல் கிடந்து, கடல் தண்ணீர் பட்ட பிறகே விழிக்கிறது. பேச்சு நின்றுபோனது. முள் மட்டும் இன்னும் அசைகிறது.