வாசல் திறக்கும் சுவடி

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. ராஜாக்கள் பல்லக்கில் போன காலத்தில், ஓர் ஆற்றங்கரைப் பட்டினத்தில் இளநாகன் என்றொருவன் அரண்மனைச் சுவடிகளைக் காத்து வந்தான்.

அவற்றுள் ஒரு சுவடி அதிசயமானது. அதை விரித்து ஓர் ஊரின் பேரைச் சொன்னால் எதிரே ஒரு வாசல் தோன்றும். தாண்டினால் அந்த ஊர். சுவடி விரிந்திருக்கும்வரை வாசலும் திறந்திருக்கும். யார் சொன்னாலும் திறக்கும். அதை மட்டும் இளநாகன் யாருக்கும் சொல்லவில்லை.

கடல்தாண்டி வாழ்க்கைப்பட்ட தங்கையைப் பார்க்க வேண்டும் என்று அவ்வூர்ப் பெண் பூங்கி கேட்டாள். "கல்லாதவர் வாய்க்குத் திறக்காது" என்றான். காணாமல்போன அண்ணனைத் தேட வேண்டும் என்று ஓடக்காரன் கேட்டான். அவனுக்கும் அதே பதில். ராஜாவே கேட்டார். "அதற்கு நெடுந்தவம் வேண்டும், பிரபு" என்றான். ஊரே அவனைக் கண்டால் மேல்துண்டை இடுப்பில் கட்டியது. அந்தச் சுகத்தை அவனால் விட முடியவில்லை.

ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. தெருவில் தண்ணீர் ஏறியதும் இளநாகன் சுவடியை விரித்தான், ஒரு மலையூரின் பேரைச் சொன்னான், விரித்த சுவடியைக் கையில் பிடித்தபடி தனியாக உள்ளே ஓடினான்.

அங்கே களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். "ஏனப்பா நனைந்திருக்கிறாய்?" என்றார் ஒருவர். "எங்கள் ஊரில் வெள்ளம்" என்றான். "மற்றவர்கள் எங்கே?" என்றார் இன்னொருவர். ஒருத்தி வாசலை எட்டிப் பார்த்தாள். "பின்னால் வருகிறார்களா?" என்றாள்.

அவன் முகம் தீப்பட்டதுபோல் எரிந்தது. வந்த வழியே திரும்பி ஓடினான்.

மார்பளவு நீரில், சுவடியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கத்தினான். "நான் சொன்னது பொய். இது எல்லாருக்கும் திறக்கும். வாருங்கள்."

வந்தவர்கள் எல்லாரும் தாண்டினார்கள். கடைசியாகச் சுவடியோடு அவன் தாண்டினான்.

அன்று மாலை மலையூரார் இலை போட்டார்கள். பூங்கியும் கூட நின்று பரிமாறினாள். இளநாகன் இலையிலும் சோறு வைத்தாள்.

"என்னை ஏசவாவது செய், தாயே" என்றான் அவன்.

"என் அப்பா கூரைமேல் உட்கார்ந்திருந்தார், ஐயா. நீங்கள் கூப்பிட்டபோது கூரை இல்லை. ஏசினால் வருவாரா? சாப்பிடுங்கள்" என்று சொல்லி, அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அவன் தலை நிமிரவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

மறுநாளே சுவடியை ஊர்ப்பொதுவில் வைத்து, விரிக்கும் விதத்தை எல்லாருக்கும் காட்டிக்கொடுத்தான். ஊரைக் காத்தவன் என்று யாராவது அவனைப் புகழ்ந்தால், பேச்சு முடியுமுன் எழுந்து போய்விடுவான். சாகும்வரை அப்படித்தான்.

பிறரைக் காக்கும் அறிவைத் தன் பெருமைக்காக மறைப்பவன், பின்னால் அதை அள்ளிக் கொடுத்தாலும் பட்ட வெட்கம் தீராது.