பெட்டியின் பதினாறாம் நாள்

முன்பொரு சமயம், காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்று இருந்தது. ஆள் உயரம்கூட இல்லை. ஆனால் அதற்குள் ஓர் அரசாங்கமே நடந்தது.

அந்த அரசாங்கத்துக்குத் தலைவர் கெர்னல் என்கிற நிரல். யார் எப்போது எழ வேண்டும், யார் எப்போது ஓய வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. நேரம் அவருக்குத் தானாகத் தெரியாது. டைமர் மணி அடித்தால் ஒரு நொடி போயிற்று என்று எடுத்துக்கொள்வார். டைமருக்கும் தானாகத் தெரியாது. மின்சுற்றுப் பலகையின் மூலையில் படிகம் என்றொருத்தி ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பாள். அவள் துடிப்பை எண்ணித்தான் டைமர் மணி அடிப்பார். எத்தனை துடிப்புக்கு ஒரு மணி என்பதைப் பெட்டியைச் செய்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கோடி.

முட்டைத் தட்டைச் சாய்த்துத் திருப்ப ஒரு மோட்டார் இருந்தது. எத்தனையாவது நாள் என்று வெளியே காட்ட ஒரு திரை இருந்தது. இவர்களோடு ஒரு காவல் நாயும் இருந்தது. வாட்ச்டாக் என்று அதைக் கூப்பிடுவார்கள். நாய்க்கு மட்டும் சொந்தமாக ஒரு சின்னத் துடிப்பு உண்டு. டைமரை நம்பி அது பிழைக்கவில்லை. நொடிக்கு ஒரு வாய் சோறு கெர்னல் அதற்குப் போட வேண்டும். தாமதித்தால் குரைக்கும். குரைத்தால் மொத்த அரசாங்கமும் கவிழ்ந்து முதலிலிருந்து தொடங்கும். அதனால் நாயை யாருக்கும் பிடிக்காது. வேளை தவறியதைச் சொல்லிக்காட்டுகிறவனை எந்த வீட்டில்தான் பிடிக்கிறது?

இந்தப் பெட்டி கோவையில் ஒரு பட்டறையில் தயாரானபோது, வழக்கமான படிகம் கடையில் கிடைக்கவில்லை. அளவில் அவளைப் போலவே இருந்த இன்னொருத்தியை வாங்கிப் பொருத்தினார்கள். இவள் நொடிக்கு எண்பது லட்சம் முறைதான் துடிப்பாள். வந்த அன்றே டைமரிடம் சொன்னாள்.

"அண்ணா, நான் பழையவள் இல்லை. எனக்கு எண்பது லட்சம்தான்."

"எனக்குக் கோடி என்று எழுதியிருக்கிறது."

"அது அவளுக்கு எழுதியது அண்ணா."

"எழுதியதை மாற்ற எனக்கு ஏது அதிகாரம்? நீ துடி அம்மா, நான் எண்ணுகிறேன்."

எண்ணினார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கோடி சேர்ந்ததும் மணி அடித்தார். அதற்குள் ஒன்றேகால் நொடி போயிருந்தது. கெர்னல் அதைத்தான் ஒரு நொடி என்று நம்பி நாய்க்குச் சோற்றை நீட்டினார். நாய் அதற்கு முன்பே குரைத்துவிட்டது. பெட்டி அணைந்து மறுபடி எழுந்தது. மறுபடி குரைப்பு.

பெட்டியைச் செய்தவர் மயில்வாகனன். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் மாலைக்குள் பெட்டி வண்டியேற வேண்டும். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மறுபடியும் ரீசெட் ஆவுதா?"

"ஆமாடா. இந்த வாட்ச்டாக் உசுர வாங்குது."

"அப்ப அத ஆஃப் பண்ணி உடு. பொறவு பாத்துக்கலாம்."

மயில்வாகனன் ஒரு வரியை மாற்றினார். நாயின் வாய் கட்டப்பட்டது. பெட்டி அமைதியாக ஓடியது. அமைதியைப் பார்த்ததும் சரியாகிவிட்டது என்று நினைக்கிற புத்தி மனிதருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

பெட்டியை வாங்கியவள் அம்சவேணி. அந்த ஐப்பசி மழையில் சுவர் இடிந்து விழுந்து அவளுடைய சிறுவிடை நாட்டுக் கோழிகள் ஒன்றுவிடாமல் நசுங்கிப் போயின. வீட்டுக்குள் கூடையில் இருந்த நாற்பது முட்டைகள் மட்டும் மிஞ்சின. அடைகாக்க ஒரு கோழியும் இல்லை. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் வளர்த்த வம்சம் அந்தக் கூடையோடு நின்றிருந்தது. அதைத்தான் பெட்டிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

முட்டைக்குள் இருப்பவர்களுக்குத் திரையும் கிடையாது, டைமரும் கிடையாது. உடம்புதான் கணக்கு. சிறகு முளைத்தது. அலகு முளைத்தது. முட்டை பொரிய இருபத்தொரு நாள். பதினெட்டு நாள் ஆனதும் திருப்புவது நின்றுவிட வேண்டும். அதன்பிறகு குஞ்சு தலையைக் காற்றுள்ள பக்கம் கொண்டுபோய் வைத்து, ஓட்டைக் கொத்த ஆயத்தமாகும். அந்த நேரத்தில் தட்டு அசையக் கூடாது.

தட்டு அசைந்தது.

"மோட்டார் மாமா, நிறுத்துங்கள்" என்றது ஒரு குஞ்சு. "நான் திரும்பிப் படுக்க வேண்டும். நீங்கள் புரட்டிப் புரட்டித் தலை எது கால் எது என்றே தெரியவில்லை."

மோட்டாருக்கு மனசு கேட்கவில்லை. கெர்னலிடம் போய்ச் சொன்னது.

கெர்னல் நியாயமானவர். உடனே எல்லோரையும் விசாரித்தார். "திரையே, இன்று என்ன நாள்?" பதினைந்து என்றது திரை. "டைமர்?" பதினைந்துக்கு உண்டான மணி அடித்தாயிற்று என்றார் டைமர். "மோட்டார், நீ எத்தனை நாள் திருப்பியிருக்கிறாய்?" மோட்டார் கணக்குப் பார்த்துத் தயங்கிச் சொன்னது, பதினைந்து.

"கேட்டாயா குழந்தை? எல்லோரும் ஒரே நாளைச் சொல்கிறார்கள். நீ ஒருத்தி மட்டும் வேறு சொல்கிறாய். ஊரோடு ஒத்துப் போக வேண்டாமா?"

"ஊர் முழுக்க ஒரே மணியைக் கேட்டுத்தானே சொல்கிறது ஐயா! என் அலகு வளர்ந்துவிட்டதே, அதை ஒருமுறை பாருங்கள்."

அலகைப் பார்க்கக் கெர்னலுக்குக் கண் இல்லை. காதுதான் உண்டு, அதுவும் மணிக்கு மட்டும். மூலையில் நாய் துடித்தது. அதற்குச் சரியான நாள் தெரியும். வாயைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கொட்டகையைப் பெருக்க வந்த அம்சவேணி காதைக் கதவோடு வைத்தாள். உள்ளே கீச் கீச்சென்று சத்தம். திரை பதினாறு என்று காட்டியது. மயில்வாகனனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங் தம்பி, பொட்டிக்குள்ள குஞ்சு கத்தறாப்ல இருக்குதுங்க."

"என்ன நாள் காட்டுதுங்க்கா?"

"பதனாறுன்னு காட்டுது. எனக்கென்னமோ இருவது நாளாச்சுன்னு தோணுதுங்க."

"பொட்டி சூடேறுன பொறவுதானுங்க்கா நாள எண்ண ஆரம்பிக்கும். அதனால உங்க கணக்குக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். பதனாறாம் நாள்ல எங்கீங்க்கா கத்தும்? ஃபேன் சத்தமா இருக்கும். கதவ மட்டும் தெறந்துறாதீங்க, சூடெல்லாம் போயிரும்."

அவள் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. உள்ளே மறுபடி கத்தியது. படிச்ச புள்ள சொல்லுது, மிசினும் சொல்லுது என்று நினைத்துக் கையை எடுத்தாள். 

அடுத்த நாள் காலையில் மயில்வாகனனின் மேசைக்கு இன்னொரு புதுப் பெட்டி வந்தது. அதன் நாயை யாரும் இன்னும் கட்டவில்லை. அது குரைத்தது. நேற்றைய போன் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததாலோ என்னவோ, இந்த முறை அவர் நாயைத் தொடவில்லை. விளக்கை இழுத்துவைத்துப் பலகையைக் குனிந்து பார்த்தார். படிகத்தின் முதுகிலேயே அவள் வேகம் பொறித்திருந்தது, எண்பது லட்சம் என்று. அம்சவேணிக்கு அனுப்பிய பெட்டியிலும் இதே படிகம்தான்; இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது.

அம்சவேணியைக் கூப்பிட்டார். போனில் கத்தினார். "அக்கா, கதவத் தெறங்க! மோட்டார் ஒயரப் புடுங்கி உடுங்க. நான் வந்துட்டே இருக்கறேன்."

அவர் காங்கேயம் போய்ச் சேர்ந்தபோது அம்சவேணி தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அவள் உடைத்துப் பார்த்த ஓடுகள். பலதில் குஞ்சு தலைமாறிக் கிடந்தது. சிலது கொத்தி, பாதி ஓட்டையோடு நின்றிருந்தது. எல்லாம் முழுதாக வளர்ந்து, ஈரச் சிறகு ஒட்டக் கிடந்தன. இரண்டே இரண்டு அவள் மடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

மயில்வாகனன் பெட்டியைத் திறந்து, கோடியை அழித்து எண்பது லட்சம் என்று எழுதினார். நாயின் கட்டை அவிழ்த்தார்.

பெட்டிக்குள் கெர்னல் சபையைக் கூட்டினார். "யார் தவறு?" என்றார். 

படிகம் தன் துடிப்பு ஒன்றும் பிசகவில்லை என்றாள். டைமர், எழுதியபடி எண்ணினேன் என்றார். மோட்டார், சொன்னபோது திருப்பினேன் என்றது. எல்லாம் உண்மை. சபையில் ஒருவரும் தவறு செய்திருக்கவில்லை. அது கெர்னலுக்கு ஆறுதலாக இல்லை.

வெளியே மயில்வாகனன் அம்சவேணியின் முன்னால் நின்றார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, பட்டறையிலயே இதுக்குள்ள இருந்து ஒண்ணு கத்துச்சுங்க. தப்பு நடக்குதுன்னு கத்துச்சு. நாந்தானுங்க வாயக் கட்டுனேன்."

திட்டுவாள் என்று காத்து நின்றார். அம்சவேணி மடியில் கிடந்த இரண்டையும் முந்தானையால் மூடினாள்.

"எனக்குந்தான் கேட்டுச்சுங்க தம்பி. கேட்டுட்டே நின்னனே."